நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போகிறீர்களா? முதலில் தேதியைப் பாருங்கள்

ஜெர்மனியில் நடக்கும் கிறிஸ்துமஸ் சந்தைகளைப் பற்றித் தமிழில் தேடினால் படங்கள் நிறையக் கிடைக்கும். எந்த வாரம் போவது, என்னென்ன காகிதம் சேர்ப்பது, கையில் எவ்வளவு சில்லறை இருக்க வேண்டும் என்று தேடினால் ஒன்றும் சிக்காது. நியூரம்பெர்க் சந்தைக்காக அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களை மனதில் வைத்து எழுதினாலும், முனிக், கொலோன், டிரெஸ்டன் என்று ஜெர்மனியின் வேறு ஊருக்குப் போகிறவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் உதவும்.

1. டிக்கெட் போடும் முன் காலண்டரை எடுங்கள்

கிறிஸ்துமஸ் சந்தை கிறிஸ்துமஸ் அன்று இருக்காது. இதை இரண்டு முறை படித்துக்கொள்ளுங்கள். பலருக்கும் பணம் வீணாவது இங்கேதான். சந்தை நடப்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தில் (அட்வென்ட்). அதன் முதல் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை நியூரம்பெர்க் சந்தை தொடங்கும். 2026-இல் அது நவம்பர் 27. டிசம்பர் 24 மதியம் 2 மணிக்குக் கடையைக் கட்டிவிடுவார்கள். எனக்கு ஒரு டிராவல் ஏஜென்சி போட்டுக் கொடுத்த முதல் திட்டத்தில் "24 மாலை நியூரம்பெர்க் வருகை, 25 முழுநாள் சந்தை" என்று இருந்தது. அதை நம்பிப் போயிருந்தால் பலகைகளைக் கழற்றுவதைத்தான் பார்த்திருப்போம்.

இன்னொரு விஷயம். 24 பிற்பகலோடு ஜெர்மனியில் கடைகள் மூடிவிடும். 25, 26 அரசு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதுமே கடை கிடையாது. 2026-இல் 25 வெள்ளி, 26 சனி, 27 ஞாயிறு. அதாவது வியாழன் மதியம் மூடும் சூப்பர் மார்க்கெட் திங்கள் காலைதான் திறக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் சில கடைகள் மட்டும் திறந்திருக்கும். அந்த நாட்களில் அங்கே இருக்கப் போகிறீர்கள் என்றால் பால், ரொட்டி, பழம் எல்லாம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் சிக்கல் கூடும். தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடும் நேரமும் அந்தச் சந்தை மூடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். பிள்ளைகள் தேர்வைத் தவறவிட முடியாது என்றால் நியூரம்பெர்க்கை விட்டுவிட்டு, கிறிஸ்துமஸுக்குப் பிறகும் நடக்கும் சந்தைகளுக்குப் போங்கள். பிராக் நகரின் பழைய நகரச் சதுக்கத்துச் சந்தை ஜனவரி 6 வரை இருக்கும். வியன்னாவில் ஷோன்ப்ருன் அரண்மனை முன்னால் இருக்கும் சந்தை கிறிஸ்துமஸ் முடிந்ததும் புத்தாண்டுச் சந்தையாக ஜனவரி முதல் வாரம் வரை தொடரும். கொலோன் நகரில் பழைய நகரப் பகுதியில் நடக்கும் ஹைன்செல்ஸ் சந்தையும், அதிலுள்ள பனிச்சறுக்குத் தளமும் ஜனவரி தொடக்கம் வரை உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஓரிரு நாள் முன்பின் ஆகலாம், அந்தந்த நகரத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தேதி உங்கள் கையில்தான் என்றால் டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில், திங்கள் முதல் வியாழன் வரை போங்கள். சனிக்கிழமை மாலையில் அந்தச் சதுக்கத்தில் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே தள்ளிக்கொண்டு போகும். தொடக்க நாள் வெள்ளி மாலை 5.30-க்குப் பொன்னிற ஆடையும் கிரீடமுமாக கிறிஸ்ட்கிண்ட் (பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருவதாகச் சொல்லப்படும் தேவதை) வேடமணிந்த இளம்பெண் தேவாலய மாடத்தில் நின்று வரவேற்புரை சொல்லி சந்தையைத் தொடங்கி வைப்பாள். அழகான நிகழ்ச்சிதான். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் குளிரில் நெருக்கியடித்து நிற்கத் தயாராக இருந்தால் மட்டும் அந்த நாளைத் தேர்ந்தெடுங்கள். சிறு குழந்தையோடு வேண்டாம். அதே கிறிஸ்ட்கிண்ட் வார நாட்களிலும் சந்தைக்கு வருவாள், நிகழ்ச்சி நிரலைப் பார்த்துப் போனால் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம்.

2. விசாவுக்கு ஆகஸ்டிலேயே உட்காருங்கள்

ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி கெடு 15 நாள் முன்பு. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகு முடிவு சொல்ல 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. டிசம்பர் பயணத்துக்கு அக்டோபர் இறுதியில் ஸ்லாட் தேடினால் நெஞ்சு படபடக்கும். ஆகஸ்டில் காகிதம் சேர்த்து, செப்டம்பரில் கொடுத்துவிடுவது நிம்மதி. அந்த நாட்களில் பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்காது. இடையில் சிங்கப்பூர், துபாய் என்று வேறு பயணம் இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். இதோடு விண்ணப்பம் வாங்கும் விஎஃப்எஸ் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. அங்கே போனதும் எஸ்எம்எஸ், கூரியர், பிரீமியம் அறை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். எதுவும் கட்டாயமில்லை, விசா கிடைப்பதற்கும் அதற்கும் தொடர்பும் இல்லை. ஸ்லாட் பிடித்துத் தருகிறேன் என்று தனியாகப் பணம் கேட்கும் ஏஜெண்டுகளிடமிருந்து தள்ளியே இருங்கள்.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது? எங்கே அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு. இரண்டு நாடுகளில் சமமான இரவுகள் என்றால் முதலில் இறங்கும் நாட்டுக்கு. ஸ்லாட் சீக்கிரம் கிடைக்கிறது என்பதற்காக வேறு நாட்டின் வழியாக விசா வாங்கிவிட்டு ஜெர்மனியிலேயே தங்கும் வேலை வேண்டாம்.

முன்பெல்லாம் ஜெர்மனி விசா மறுத்தால் மறுபரிசீலனை கேட்டுக் கடிதம் எழுதும் வழி இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது மறுத்தால் புதிதாகப் பணம் கட்டி மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும், அல்லது ஜெர்மன் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஆக, முதல் தடவையே காகிதம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

3. காகிதங்கள், அப்புறம் நம் ஊர் இனிஷியல்

பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளிலிருந்து இன்னும் 3 மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். அதோடு கையெழுத்திட்ட விண்ணப்பப் படிவம், 35க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம், முகப்புக் கடிதம், போக வர விமான முன்பதிவு, எல்லா இரவுகளுக்குமான தங்குமிட முன்பதிவு, நாள்வாரியான பயணத் திட்டம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, கடைசி 3 மாத வங்கி அறிக்கை, வருமான வரிக் கணக்கு. சம்பளக்காரர்கள் சம்பளச் சீட்டும் விடுப்புக் கடிதமும் வைக்க வேண்டும். தொழில் செய்கிறவர்கள் ஜிஎஸ்டி பதிவு அல்லது தொழில் பதிவுச் சான்று வைக்க வேண்டும். அரசு ஊழியர்கள் தடையில்லாச் சான்றுக்கு ஜூலையிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கோப்பு மேசை மேசையாக நகர்ந்து வர நாள் பிடிக்கும்.

வங்கி அறிக்கையில் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் மாமாவிடம் வாங்கி மொத்தமாக 3 லட்சம் போட்டு வைப்பது எல்லோருக்கும் தோன்றும் யோசனைதான். பார்க்கிறவர்களுக்கும் அது பளிச்சென்று தெரியும். உண்மையிலேயே நிலம் விற்ற பணமோ முதிர்ந்த வைப்புத்தொகையோ வந்திருந்தால் அதற்கான ஆதாரத்தைச் சேர்த்துவிடுங்கள்.

தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: பெயர். பாஸ்போர்ட்டில் "முருகன்" என்று ஒற்றைப் பெயர், குடும்பப் பெயர்க் கட்டம் காலி. வங்கியில் "கே. முருகன்". அலுவலகக் கடிதத்தில் "முருகன் கந்தசாமி". நமக்கு மூன்றும் ஒரே ஆள். கவுன்ட்டரில் இருப்பவருக்கு மூன்று ஆட்கள். விமான டிக்கெட், காப்பீடு, ஹோட்டல் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து போடுங்கள். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் அதை எப்படி நிரப்புவது என்பது விமான நிறுவனத்துக்கு விமான நிறுவனம் மாறும், பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். வங்கியிலும் அலுவலகத்திலும் மாற்ற நேரமில்லை என்றால் முகப்புக் கடிதத்தில் "கே என்பது என் தந்தை கந்தசாமியின் பெயரின் முதலெழுத்து" என்று ஒரு வரி எழுதி, தந்தை பெயர் அச்சான பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தின் நகலை இணையுங்கள்.

பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றும், அவர்கள் படிவத்தில் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் அழைத்துப் போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதம் தேவை.

விசா ஒட்டி வந்ததும் கவுன்ட்டரை விட்டு நகரும் முன் படியுங்கள். "முதல், வரை" என்ற தேதிகள் ஒரு பக்கம், தங்கலாம் என்ற நாட்களின் எண்ணிக்கை இன்னொரு பக்கம் இருக்கும். தேதி இடைவெளி 25 நாளாக இருந்து, எண்ணிக்கையில் 10 என்று இருந்தால் நீங்கள் தங்கலாம் என்பது 10 நாள்தான்.

4. விமானமும் ரயிலும்

சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சாவின் நேரடி விமானம் உண்டு. வளைகுடா வழியாக முனிக் போவது சில நேரம் மலிவு. முனிக்கிலிருந்து நியூரம்பெர்க் அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போல. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். எல்லையில் இப்போது முத்திரைக்குப் பதில் முகப்படம் எடுத்துக் கணினியில் பதிகிறார்கள், வரிசை நீளும். இறங்கியதும் பிடிக்க வேண்டிய ரயிலுக்கும் விமானத்துக்கும் மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

ஜெர்மன் ரயில் என்றால் நிமிடம் தவறாது என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அதை மறந்துவிடுங்கள், தாமதம் சகஜம். மலிவுச் சலுகை டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும். விமானம் தாமதமாகி ரயிலைத் தவறவிட்டால் அந்தப் பணம் போனதுதான். ஆனால் ஒரே டிக்கெட்டில் இரண்டு ரயில் மாறும்போது முதல் ரயிலின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால் அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ள அனுமதி உண்டு. அதனால் பயணத்தைத் துண்டு துண்டாக வாங்காதீர்கள்.

முனிக்கில் இறங்குகிற குடும்பங்களுக்குப் பயர்ன் டிக்கெட்தான் என் சிபாரிசு. ஒரு நாள் சீட்டு, 5 பேர் வரை ஒரே சீட்டில் போகலாம். பவேரியா மாநிலத்தின் சாதாரண வட்டார ரயில்கள், நகரப் பேருந்து, மெட்ரோ எல்லாவற்றிலும் செல்லும். அதிவேக ரயிலில் செல்லாது. வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும், 8.50 ரயிலில் ஏறிவிட்டு அபராதம் கட்டாதீர்கள். சீட்டில் பெயர் எழுத ஒரு கோடு இருக்கும், ஏறும் முன் எழுதிவிடுங்கள்.

5. எங்கே தங்குவது

சந்தை நடக்கும் ஹவுப்ட்மார்க்ட் சதுக்கம் ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடை. அந்த வட்டத்துக்குள் டிசம்பர் வார இறுதி வாடகை கண்ணைக் கட்டும். யூ1 மெட்ரோ போகும் ஃபூர்த் நகரில் தங்கிப் பாருங்கள், பக்கத்து ஊர்தான், வாடகையும் குறைவாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு. இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையை விசாவுக்கு முன்பே போட்டு வையுங்கள். விசா வந்த பிறகு எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டு வேறு திட்டத்தில் போகாதீர்கள், எல்லையில் முன்பதிவைக் காட்டச் சொல்லலாம்.

6. குளிர் காலில் இருந்து ஏறும்

பகலில் 3, 4 டிகிரி, இரவில் பூஜ்யத்துக்குக் கீழே. ஊட்டி ஸ்வெட்டர் போதாது. உள்ளே தெர்மல், மேலே கம்பளி, அதற்கு மேல் காற்று புகாத ஜாக்கெட் என்று அடுக்காகப் போடுங்கள். ஜாக்கெட்டுக்குச் செலவழிக்கிற நம் ஆட்கள் காலணியைக் கோட்டை விடுவார்கள். சந்தையில் நீங்கள் நடப்பதை விட நிற்பதுதான் அதிகம், அதுவும் கல் பாவிய தரையில். மெல்லிய அடிப்பகுதி உள்ள ஷூ என்றால் அரை மணி நேரத்தில் விரல் மரத்துவிடும். தடித்த அடிப்பகுதி, கம்பளி சாக்ஸுக்கு இடம் விட்டு ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். கையுறையில் போனைத் தொட வசதி இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

7. சந்தைக்குள்

காலை 10 முதல் இரவு 9 வரை திறந்திருக்கும். டிசம்பரில் மாலை நாலேகாலுக்கே சூரியன் மறைந்துவிடும். விளக்குகள் அழகாகத் தெரிந்து, கூட்டம் இன்னும் கழுத்தை நெரிக்காத நேரம் அதுதான், 4 முதல் 6 வரை. நம் உடம்புக் கடிகாரம் நாலரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் அங்கே இரவு 9 என்றால் இங்கே நள்ளிரவு ஒன்றரை. முதல் நாள் மாலை பெரிதாக எதுவும் திட்டமிடாதீர்கள், குழந்தைகள் கையிலேயே தூங்கிவிடுவார்கள்.

சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக் கூரையோடு சுமார் 180 கடைகள். எல்லாவற்றிலும் வாங்கத் தேவையில்லை. உலர்ந்த பிளம் பழங்களைக் கம்பியில் கோத்துச் செய்யும் குட்டி மனிதர்கள் இந்த ஊருக்கே உரியவை. புகைபோக்கி துடைப்பவர், கிழவி, இசைக்காரர் என்று விதவிதமாக இருக்கும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுக் கையில் எடுத்துப் பாருங்கள், முகம் வால்நட் கொட்டை, அதில் மையால் வரைந்த கண். லெப்கூகன் என்ற மசாலா கேக்கில் எலிசன் என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். அதில் கொட்டை வகை கால் பங்குக்குக் குறையக் கூடாது, மாவு பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. விலை கூடுதல்தான், ஆனால் மலிவானது வெறும் ரொட்டி மாதிரி இருக்கும்.

கிளூவைன் என்ற சூடான மசாலா ஒயின் ஒரு கோப்பை 4, 5 யூரோ. பீங்கான் கோப்பைக்குத் தனியே சில யூரோ முன்பணம் வாங்குவார்கள். விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு அதிகமாக எடுத்துவிட்டான் என்று சண்டைக்குப் போகாதீர்கள், கோப்பையை அதே கடையில் திருப்பிக் கொடுத்தால் பணம் வரும். ஆண்டு பொறித்த கோப்பை பிடித்திருந்தால் கொடுக்காமல் எடுத்துப் போகலாம், வேறு நினைவுப் பொருளே வேண்டியதில்லை. மது வேண்டாதவர்கள் கிண்டர்புன்ஷ் என்று கேளுங்கள். பட்டியலில் "மிட் ஷுஸ்" என்று இருந்தால் அதில் ரம் மாதிரி ஏதாவது கூடுதலாக ஊற்றியிருப்பார்கள்.

இந்த ஊர்ப் பெருமை "டிரை இம் வெக்லா": பன்னுக்குள் விரல் நீளத்தில் நெருப்பில் சுட்ட சாசேஜ் மூன்று. அது பன்றி இறைச்சி. சைவக்காரர்களுக்கு ஆப்பிள் கூழோடு தரும் உருளைக்கிழங்கு அடை, பாலாடைக்கட்டி சேர்த்த ஷ்பெட்ஸ்லே (நூடுல்ஸ் மாதிரி ஒரு மாவு உணவு), பூண்டுச் சாறு ஊற்றிய காளான், சுட்ட செஸ்ட்நட், சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம் கிடைக்கும். அடையிலும் ஷ்பெட்ஸ்லேயிலும் லெப்கூகனிலும் முட்டை இருக்கும். முட்டையும் ஆகாது என்றால் பாதாமும் செஸ்ட்நட்டும்தான் கவலையில்லாதவை.

குழந்தைகளைப் பெரிய சந்தையில் அரை மணி நேரம் சுற்றிவிட்டுப் பக்கத்தில் ஹான்ஸ் சாக்ஸ் சதுக்கத்தில் நடக்கும் குழந்தைகள் சந்தைக்கு அழைத்துப் போய்விடுங்கள். ராட்டினம், குட்டி ரயில் எல்லாம் அங்கேதான். தள்ளுவண்டி பெரிய சந்தையில் பாரம், கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டு போவது மேல்.

8. பணம்

யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட காலம் இது, ஒவ்வொரு கோப்பையையும் ரூபாயில் பெருக்கிக்கொண்டிருந்தால் எதுவும் தொண்டையில் இறங்காது. சந்தையில் ஒரு மாலைக்கு, சாப்பாடும் குடிப்பதும் சேர்த்து ஆளுக்கு 20, 25 யூரோ வைத்துக்கொள்ளுங்கள். பொருள் வாங்குவது தனி. ரொக்கம் மட்டும் வாங்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. கார்டு வாங்குகிறோம் என்று சொல்லும் சில இடங்கள் ஜெர்மன் வங்கி அட்டையை மட்டுமே ஏற்கும், நம் விசா, மாஸ்டர் கார்டு அங்கே ஓடாது. 5, 10 யூரோ நோட்டுகளும், கழிப்பறைக்கு 50 சென்ட், 1 யூரோ நாணயங்களும் எப்போதும் இருக்கட்டும். ஏடிஎம் "ரூபாயில் கழிக்கவா, யூரோவில் கழிக்கவா" என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் தீட்டிவிடுவார்கள்.

9. கூடுதலாக ஒரு நாள் இருந்தால்

பயர்ன் டிக்கெட்டிலேயே பாம்பெர்க், ரேகன்ஸ்பூர்க், ரோதன்பூர்க் போய் வரலாம். ரோதன்பூர்க்குக் கிளை ரயில்களில் மாறிப் போக வேண்டும், இருட்டிய பிறகு இணைப்புகள் குறையும். திரும்பும் ரயிலை முதலில் பார்த்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஒரே ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் பாம்பெர்க் என்பேன். தேவாலயங்களிலும் அருங்காட்சியகங்களிலும் வைத்திருக்கும் கிறிஸ்துமஸ் குடில்களைப் பார்த்துக்கொண்டே ஊரைச் சுற்றிவிடலாம், விரலும் மரக்காது.

10. ஊர் திரும்பும் பெட்டி

பனி கொட்டும் கண்ணாடி உருண்டையைக் கைப்பையில் வைக்காதீர்கள். உள்ளே இருப்பது திரவம்; பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிட வாய்ப்பு அதிகம். துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் போடுங்கள். கிளூவைன் பாட்டிலும் அப்படியே. மரப் பொம்மைகளைக் கையில் கொண்டு வரலாம்.

ஒரே கடையில் ஒரே பில்லில் 50 யூரோவுக்கு மேல் வாங்கினால் விற்பனை வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். அதற்கான படிவத்தைக் கடையிலேயே கேட்டு வாங்க வேண்டும், சிறு சந்தைக் கடைகள் பெரும்பாலும் தர மாட்டார்கள், நகரத்துப் பெரிய கடைகள் தருவார்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன் அந்தப் பொருளைச் சுங்க அதிகாரியிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். டிசம்பர் மூன்றாவது வாரத்தில் அந்த வரிசை நீளமாக இருக்கும், அதற்கென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு கிளம்புங்கள்.